அலுமினிய வார்ப்படங்களில் நுண்துளைகள்

உலோகம் என்றவுடன் இடைவெளி ஏதுமற்ற திண்மையான பொருளே நம் மனத்தில் தோன்றுகிறது. ஆனால் வார்த்தெடுத்த உலோகத் துண்டு ஒன்றை அறுத்து, மெருகிட்டு, நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினால், அதனுள் சிறியவும் பெரியவுமான குழிகள் பல இருக்கக் காண்கிறோம். இவற்றை நுண்துளைகள் என்பர். வார்ப்படப் பட்டறையிலோ, கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு வளர்ந்தவற்றை ‘ப்ளோ ஹோல்’ என்று சொல்லிப் பழித்து ஒதுக்குவர்.

துளை சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. மீண்டும் மீண்டும் பளுவேற்றப்படும் ஓர் உறுப்பில் வெடிப்பானது பெரும்பாலும் மேற்பரப்பை அடுத்துள்ள ஒரு துளையிலிருந்தே தொடங்குகிறது. நீரிறைக்கும் இயந்திரத்தின் கூட்டில் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தால் நீர் கசியும். வண்டியின் தாங்கி ஒன்றில் அவை இருந்தால், ஓட்டுபவரின் உயிருக்கே ஊறு நேரலாம். துளைகள் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வாறு அவற்றை அளந்தறியலாம், எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தாராவியின் உருக்குலைகள்

இப்பொருளை விளக்குவதற்கு மும்பை மாநகரத்துத் தாராவி தக்கதோர் எடுத்துக்காட்டாகும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று குடியேறிய தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி இது. அங்கே 13-ஆம் காம்பவுண்டு எனப்படும் இடத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும், நகரம் கழித்துவிட்ட பொருள்களைத் தரம் பிரித்து மீண்டும் பயன்படச் செய்யும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. தமிழ்நாட்டில் காயலான் கடை என்று நாம் அழைப்பதன் மிக விரிந்த வடிவம் அது எனலாம். நசுங்கிய பாத்திரங்கள், குளிர்பானக் குவளைகள், சன்னல் சட்டங்கள், இயந்திரங்களின் உடைந்த பாகங்கள் ஆகிய அலுமினியப் பொருள்கள் சிறு உலைகளில் உருக்கப்பட்டுக் கட்டிகளாக வார்க்கப்படுகின்றன.

இத்தொழிலால் நாட்டுக்கு விளையும் நன்மை பெரிது. பாக்சைட்டுத் தாதுவிலிருந்து அலுமினியத்தைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே, பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்குவதற்குப் போதுமானது. எனினும், பழைய உலோகத்தில் வார்த்த கட்டி என்றாலே மட்டமானது என்று கருதி விலையைக் குறைப்போர் பலர். இக்கருத்தில் இருவேறு குறைகள் ஒன்றாகக் குழப்பப்பட்டுள்ளன. ஒன்று, உலோகத்தின் சேர்மானத்தில் உள்ள குறை. இது கழிவுப் பொருளோடு வந்து சேர்வது. மற்றொன்று நுண்துளை, இது உருக்கும்போதும் ஊற்றும்போதும் பிறப்பது. முன்னதை நீக்குவது கடினம். பின்னதைத் தடுப்பது நம் கையில் உள்ளது. இவ்வேற்றுமையைத் தெளிவாக உணர்ந்தாலன்றிச் சிறு பட்டறைகளுக்கு நாம் கூறும் யோசனைகள் பயன் தரமாட்டா.

முதற் காரணம்: ஹைட்ரஜன்

உருகிய அலுமினியத்தில் குறிப்பிடத்தக்க அளவு கரையக்கூடிய வாயு ஹைட்ரஜன் ஒன்றே. இது எங்கிருந்து வருகிறது? காற்றிலும், ஈரமான கழிவுகளிலும், நன்கு காயாத கரண்டியிலும் உள்ள நீரிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. இரண்டு அணு அலுமினியம் மூன்று மூலக்கூறு நீராவியோடு வினைபுரிந்தால், ஒரு மூலக்கூறு அலுமினிய ஆக்ஸைடும் மூன்று மூலக்கூறு ஹைட்ரஜனும் உண்டாகின்றன. கழிவில் ஒட்டியுள்ள எண்ணெயும் வண்ணப்பூச்சும் கூட ஹைட்ரஜனைத் தருவனவே. மும்பையைப் போன்ற கடற்கரை நகரத்தில், அதிலும் மழைக்காலத்தில், இக்குறை மிகுவது இயல்பு.

தூய அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. அந்த உஷ்ணநிலையில் 100 கிராம் திரவ அலுமினியம் சுமார் 0.69 கன சென்டிமீட்டர் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருக்க வல்லது. அதே உஷ்ணநிலையில் உறைந்து திடமானவுடன், அதனால் 0.036 கன சென்டிமீட்டர் மட்டுமே தாங்க முடிகிறது. ரான்ஸ்லி, நியூஃபெல்டு என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1948-ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்வளவுகள் இன்றும் பாடநூல்களில் எடுத்தாளப்படுகின்றன.

இவ்வெண்களின் பொருளைச் சற்றுக் கணக்கிட்டு அறிவோம். 100 கிராம் அலுமினியத்தின் கன அளவு ஏறத்தாழ 37 கன சென்டிமீட்டர். உறையும்போது வெளியேற வேண்டிய ஹைட்ரஜன் சுமார் 0.65 கன சென்டிமீட்டர். இது சாதாரண நிலையில் கணக்கிட்ட அளவு. 660 டிகிரியில் அவ்வாயு மூன்றரை மடங்களவு விரிந்து 2.2 கன சென்டிமீட்டர் ஆகிவிடும். வாயு முழுவதும் வெளியேறாமல் வளிமண்டல அழுத்தத்திலேயே உள்ளே சிக்கிக்கொண்டால், வார்ப்படத்தில் ஆறு சதவிகித அளவுக்குத் துளைகள் ஏற்படும். நடைமுறையில் வாயுவின் ஒரு பகுதி தப்பிச் செல்வதால் இவ்வளவு துளை காணப்படுவதில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத சிறு ஈரம் எத்துணைக் கேடு விளைக்கும் என்பது இதனால் விளங்கும்.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சியை ஐஸ் கட்டியில் எவரும் காணலாம். கட்டியின் ஓரம் தெளிவாகவும் நடுப்பகுதி வெண்மையாகவும் இருப்பதேன்? நீரில் கரைந்திருந்த காற்று பனிக்கட்டியில் தங்க இடமின்றி, கடைசியாக உறையும் நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டு, அங்கே குமிழிகளாகச் சிக்கிக் கொள்கிறது. அலுமினியத்தில் ஹைட்ரஜனுக்கு நேர்வதும் இதுவே.

இரண்டாம் காரணம்: சுருக்கம்

நீர் உறையும்போது விரிகிறது, அலுமினியமோ சுருங்குகிறது. தூய அலுமினியம் திரவ நிலையிலிருந்து திட நிலைக்கு மாறுகையில் அதன் கன அளவு நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் குறைகிறது. சிலிக்கன் கலந்த உலோகக் கலவைகளில் இக்குறைவு சற்றுக் குறைவு. சுருங்கிய இடத்தை நிரப்பத் திரவ உலோகம் ஓடிவர வேண்டும். அது வர வழியில்லையாயின் அங்கே வெற்றிடம் எஞ்சும்.

வழி அடைபடுவது எவ்வாறு என்பதை அறிய, உலோகத்தின் நுண்ணமைப்பைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். உலோகத்தை மெருகிட்டு, அமிலத்தால் அரிக்கச் செய்து, நுண்பெருக்கியால் ஆராயும் முறையை இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரத்தைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1863-64-ஆம் ஆண்டுகளில் தொடங்கி வைத்தார். அம்முறையால் நாம் அறிவது யாதெனில், உறையும் உலோகம் சமமான சுவர்போல் முன்னேறுவதில்லை. மரம் கிளைவிட்டுக் கிளைவிட்டு வளர்வது போலவே படிகம் வளர்கிறது. கிளைகளுக்கிடையே உள்ள குறுகிய சந்துகளில் மீதித் திரவம் தேங்கி நிற்கிறது. அலுமினிய-சிலிக்கன் கலவையில் இம்மீதித் திரவம் 577 டிகிரியில் இறுதியாக உறைகிறது. அதற்குள் சந்துகளின் வாயில்கள் அடைபட்டுவிடுவதால் புதிய திரவம் உள்ளே புக இயலுவதில்லை.

ஆகவே துளையின் வடிவத்தைக் கொண்டே அதன் காரணத்தை ஊகிக்கலாம். உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பது பெரும்பாலும் வாயுவால் ஆயது. கோணல்மாணலாக, கிளைகளுக்கிடையே புகுந்து பரவியிருப்பது சுருக்கத்தால் ஆயது. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. வேகமாகக் குளிரும் வார்ப்படத்தில் கிளைகள் நெருக்கமாகவும் துளைகள் சிறியனவாகவும் அமைகின்றன. மணல் அச்சில் வார்த்ததைவிட உலோக அச்சில் வார்த்தது வலிவுடையதாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாம் காரணம்: மடிந்த ஏடு

வாயு மிகுந்திருந்தால் மட்டும் துளை பிறந்துவிடாது. திரவத்தின் பரப்பு இழுவிசை புதிய குமிழி தோன்றுவதை எதிர்க்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள குமிழி உருகிய அலுமினியத்தில் நிலைபெற, அதனுள் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 18 மடங்கு மிகுதியான அழுத்தம் வேண்டும். குமிழி இன்னும் சிறிதாயின், தேவையான அழுத்தமும் அதற்கேற்ப உயரும். அப்படியாயின் குமிழி தொடங்குவதெங்ஙனம்?

இதற்கு விடை கண்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் வார்ப்பட விஞ்ஞானி ஜான் கேம்பெல். உருகிய அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்ஸைடு ஏடு படிந்திருக்கிறது. பாலை ஆற்றும்போது மேலேடு மடிந்து உள்ளே சென்றுவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதுபோன்றே உலோகத்தைக் கொந்தளிக்குமாறு ஊற்றினால் ஆக்ஸைடு ஏடு மடிந்து உள்ளே அமிழ்கிறது. மடிப்பின் இரு உலர்ந்த முகங்களும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. எனவே அம்மடிப்பு, உலோகத்தினுள் முன்கூட்டியே திறந்து வைத்த வெடிப்புக்குச் சமம். ஹைட்ரஜன் அதனுள் புகுந்து அதை ஊதிப் பெருக்குகிறது. ஹைட்ரஜன் இல்லாவிடினும் அது பலவீனமான இடமே.

திரவ அலுமினியம் அச்சினுள் நுழையும் வேகம் வினாடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால் ஏடு மடியும் அபாயம் தொடங்குகிறது என்பது கேம்பெல் வற்புறுத்திய விதி. இவ்வேகத்தை அடைய உலோகம் எவ்வளவு உயரத்திலிருந்து விழவேண்டும்? வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால், 0.25-ஐ 19.6-ஆல் வகுத்து, சுமார் 13 மில்லிமீட்டர் என விடை வருகிறது. ஒரு விரல் அகலத்தைவிடக் குறைந்த உயரம்! கரண்டியை முழ உயரத்துக்குத் தூக்கி ஊற்றும் வழக்கம் எவ்வளவு தீங்கானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சேர்மானத்தின் குறை

துளையோடு குழப்பக்கூடாத மற்றொரு குறையையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். கழிவு அலுமினியத்தில் இரும்புத் திருகுகளும் ஆணிகளும் கலந்து வருகின்றன. கரைந்துவிட்ட இரும்பைப் பிரித்தெடுக்க எளிய வழி இல்லை. உறையும்போது அது அலுமினியத்தோடும் சிலிக்கனோடும் சேர்ந்து, நுண்பெருக்கியில் ஊசிபோல் தோன்றும் கடினமான தகடுகளாகப் படிகிறது. இத்தகடுகள் உலோகத்தை நொறுங்கச் செய்வதோடு, திரவம் பாயும் சந்துகளையும் அடைத்துத் துளைகளுக்கு இடந்தருகின்றன. சிறிதளவு மாங்கனீசைச் சேர்த்தால் தகடுகள் கட்டியான வடிவம் பெற்றுத் தீமை குறையும். எனினும் சிறந்த மருந்து, உருக்குவதற்கு முன்பே காந்தத்தைக் கொண்டு இரும்பைப் பொறுக்கி எடுத்துவிடுவதுதான். அழுத்த வார்ப்பு முறைக்குரிய கலவைகள் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டிய இரும்பை ஏற்கின்றன. உலோகம் அச்சில் ஒட்டிக்கொள்ளாதிருக்க அது துணையும் செய்கிறது. ஆதலால் இரும்பு மிகுந்த கட்டி பயனற்றதன்று. அதற்குரிய இடம் வேறு.

அளந்தறியும் முறைகள்

எக்ஸ் கதிர்ப் படமும் நுண்பெருக்கியும் இல்லாத இடத்திலும் தராசு ஒன்று இருக்கும். துளைகளின் அளவை அறிய அதுவே போதும். ஒரு மாதிரித் துண்டைக் காற்றில் நிறுத்து, பின்னர் மெல்லிய நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுக்க வேண்டும். இரு எடைகளின் வேற்றுமை, அத்துண்டு விலக்கிய நீரின் எடையாகும்; அதுவே கன சென்டிமீட்டரில் அதன் கன அளவு.

எடுத்துக்காட்டாக, ஏழு சதவிகிதம் சிலிக்கன் உள்ள கலவைத் துண்டு ஒன்று காற்றில் 268 கிராமும் நீரில் 164 கிராமும் எடையுள்ளது எனக் கொள்வோம். கன அளவு 104 கன சென்டிமீட்டர். துளையற்ற அக்கலவையின் அடர்த்தி 2.68 ஆகையால், 268 கிராமுக்குரிய கன அளவு 100 மட்டுமே. மீதி 4 கன சென்டிமீட்டர் துளை. 104-இல் 4 என்பது 3.8 சதவிகிதம். மேற்பரப்பில் திறந்துள்ள துளைகளில் நீர் புகுந்துவிட்டால் கணக்கு தவறும். ஆகவே அத்தகைய துண்டின்மேல் மெழுகை மெல்லியதாகப் பூசிக்கொள்வது நலம்.

கழிவு உலோகத்தில் இம்முறைக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. செம்பும் துத்தநாகமும் கலந்திருந்தால் அடர்த்தி உயர்ந்து, துளைகளால் வந்த குறைவை மறைத்துவிடும். எனவே ஒரே உருக்கிலிருந்து இரு மாதிரிகளை எடுத்து ஒப்பிடுவர். ஒன்று சாதாரணக் காற்றழுத்தத்தில் உறையவிடப்படும். மற்றொன்று காற்றை உறிஞ்சி, அழுத்தத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்களவுக்குக் குறைத்த கலத்தில் உறையவிடப்படும். வாயுவும் மடிந்த ஏடுகளும் இருந்தால் இரண்டாவது மாதிரி உப்பி, அடர்த்தி குறையும். முதலாவதன் அடர்த்தி 2.65, இரண்டாவதன் அடர்த்தி 2.52 எனின், வேற்றுமை ஏறத்தாழ 4.9 சதவிகிதம். அத்தகைய உருக்கை ஊற்றுவதற்கு முன் தூய்மை செய்தல் அவசியம் என்று உணரலாம். இரு மாதிரிகளின் சேர்மானமும் ஒன்றேயாதலால் ஒப்பீடு நேர்மையாக அமைகிறது.

தடுக்கும் வழிகள்

களப் பணியாளர்கள் பட்டறைகளில் எடுத்துரைக்கத் தக்கவை பின்வருவன:

1. கழிவைக் கூரையின் கீழ் வைத்து, உலர்த்திய பின்னரே மூசையில் இடவேண்டும். இது துளைக்காக மட்டுமன்று, உயிருக்காகவும் ஆகும். மூடிய குவளையில் சிக்கிய நீர் உருகிய உலோகத்தின் அடியில் ஆவியானால், சுமார் 1,600 மடங்கு விரிந்து உலோகத்தை வாரி இறைக்கும்.

2. கரண்டி, கிளறும் கோல், அச்சு ஆகிய யாவும் சூடேற்றி ஈரம் நீக்கப்பட வேண்டும்.

3. தேவைக்கு மேல் சூடேற்றலாகாது. உஷ்ணநிலை உயர உயர உலோகம் கரைத்துக்கொள்ளும் ஹைட்ரஜனும் விரைவாக மிகுகிறது.

4. வாயுவை நீக்கச் சில பட்டறைகளில் எக்சாகுளோரோஈத்தேன் மாத்திரைகளை இடுகின்றனர். இவை குளோரின் கலந்த நச்சுப் புகையை வெளியிடுவன. அடைத்த கொட்டகையில் இவற்றைப் பயன்படுத்துவது தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்கும். உலர்ந்த நைட்ரஜனையோ ஆர்கானையோ சிறு குமிழிகளாகச் செலுத்தும் முறையே மேலானது. ஹைட்ரஜன் அக்குமிழிகளில் புகுந்து மேலேறி வெளியேறும்.

5. கரண்டியின் வாயை அச்சின் வாயோடு ஒட்டி வைத்து, இடைவிடாமல் அமைதியாக ஊற்ற வேண்டும். கசடை ஊற்றுவதற்கு முன் ஒதுக்கிவிட வேண்டும்.

இவ்வைந்தில் நான்கு வழிகளுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. பழக்கத்தை மாற்றிக்கொள்வதே வேண்டும்.

வேண்டிய துளைகள்

துளை எல்லா இடத்திலும் பகையன்று. செம்பு, வெள்ளீயத் தூள்களை அச்சில் அழுத்தி, உருகாத உஷ்ணநிலையில் சுட்டுச் செய்யும் வெண்கலப் புதைவுகளில், கன அளவில் ஐந்தில் ஒரு பங்களவு துளை வேண்டுமென்றே விடப்படுகிறது. அத்துளைகளில் எண்ணெய் நிரப்பப்படுகிறது. தண்டு சுழலும்போது எண்ணெய் கசிந்து உராய்வைக் குறைக்கிறது; நின்றவுடன் துளைகளுக்குள் திரும்பிவிடுகிறது.

தாராவியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், செம்பூரை அடுத்த டிராம்பேயில் இதனினும் நுட்பமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அங்கே 1954-இல் தோன்றிய அணுசக்தி நிலையம், 1967 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று வழங்கி வருகிறது. உலோகவியல் அறிஞர் பிரம் பிரகாஷ் அங்கே உலோகவியல் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். 1959-ஆம் ஆண்டு சனவரியில் அணு உலைக்கேற்ற தூய யுரேனிய உலோகம் அங்கு முதன்முதலாக ஆக்கப்பட்டது. மின் உற்பத்தி உலைகளில் பயன்படும் யுரேனிய ஆக்ஸைடு வில்லைகளைச் சுட்டு எடுக்கும்போது, துளையற்ற ஆக்ஸைடின் அடர்த்தியாகிய 10.96-ஐ முழுதும் எட்டவிடாமல், அதில் 95 சதவிகிதத்தை ஒட்டி நிறுத்துகின்றனர். அணுப் பிளவில் தோன்றும் பொருள்களால் வில்லை உப்பும்போது, எஞ்சிய நுண்துளைகள் அதற்கு இடங்கொடுக்கின்றன. துளை மிகுந்தாலோ வெப்பம் வெளிச்செல்வது தடைபடும். ஆகவே துளையை ஒழிப்பது மட்டுமன்று, அதன் அளவை ஆள்வதே உலோகவியலின் நோக்கம் எனலாம்.

வகுப்பறையில் செய்யத் தக்கவை

உருகிய உலோகம் பள்ளிக்கு ஏற்றதன்று. ஆனால் உடைந்த அலுமினிய வார்ப்படத் துண்டு ஒன்றைக் காயலான் கடையில் எளிதாகப் பெறலாம். அதை இரம்பத்தால் அறுத்து, அரத்தால் தேய்த்து, பின்னர் கரடான உப்புத்தாளில் தொடங்கி வழவழப்பான உப்புத்தாள் வரை வரிசையாக நீர்விட்டுத் தேய்த்தால், பூதக்கண்ணாடியிலேயே துளைகளைக் காணலாம். உருண்டையானவை எவை, கோணலானவை எவை என மாணாக்கர் எண்ணிக் குறிக்கட்டும். அமிலங்கொண்டு அரிக்கும் வேலையை ஆய்வுக்கூடத்துக்கே விட்டுவிடல் நன்று.

முடிவுரை

நுண்துளை என்பது உலோகத்தின் விதியன்று. அதை உருக்கிய முறையின் பதிவேடு. ஈரம், அவசரம், உயரத்திலிருந்து ஊற்றுதல் ஆகிய ஒவ்வொன்றும் அதில் எழுதப்பட்டுவிடுகிறது. தராசும் ஒரு பாத்திரம் நீரும் கொண்டு அதைப் படிக்கக் கற்ற சிறு பட்டறைக்காரர், தம் கட்டி மட்டமானது என்று பிறர் சொல்வதைக் கேட்டு விலையைக் குறைக்க வேண்டுவதில்லை, அளந்து காட்டலாம்.

பயிற்சி

1. ஏழு சதவிகிதம் சிலிக்கன் உள்ள துண்டு ஒன்று காற்றில் 201 கிராமும் நீரில் 124.5 கிராமும் எடையுள்ளது. அதில் துளை எத்தனை சதவிகிதம்? (விடை: சுமார் 2.)

2. உலோகம் 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், அச்சை அடையும் வேகம் என்ன? பாதுகாப்பான வேகத்தைப் போல் அது எத்தனை மடங்கு? (விடை: வினாடிக்குச் சுமார் 2 மீட்டர், 4 மடங்கு.)

3. நன்கு கொதிக்க வைத்து ஆறவிட்ட நீரில் உறைந்த ஐஸ் கட்டி, சாதாரண நீரில் உறைந்ததைவிடத் தெளிவாக இருப்பதேன்? உருகிய அலுமினியத்திலிருந்து வாயுவை நீக்குவதோடு இதனை ஒப்பிடுக.